முகத்தில் தங்கிவிட்ட புள்ளியும் முந்திக்கொள்ளும் களிம்பும்

முகத்தில் தோன்றி மாதக்கணக்கில் மறையாமல் தங்கிவிடும் ஒரு புள்ளி எதனால் வந்தது என்று தெரிவதற்கு முன்பே அதன்மீது ஏதேனும் ஒரு களிம்பு பூசப்பட்டுவிடுவது இன்று பொதுச் சுகாதாரச் சிக்கலாக வளர்ந்திருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்க இருந்த சட்ட விலக்கை மத்திய அரசு 2018-இல் நீக்கிய பின்னரும் அவை பல மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே கிடைக்கின்றன. முகத்தை வெளுக்கச் செய்வதாகச் சொல்லி விற்கப்பட்ட களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது கேரளத்தில் பதிவான பின்னரும் அத்தகைய களிம்புகள் சந்தையை விட்டு அகலவில்லை.

முகப்புள்ளி பல நோய்களுக்கும், நோயென்றே சொல்ல முடியாத பல மாற்றங்களுக்கும் பொதுவான வெளித்தோற்றம். பருவின் தழும்பு, வெயிலால் வந்த மங்கு, பூஞ்சைத் தொற்று, நீரிழிவுக்கு முந்தைய நிலை, தொழுநோய், உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் லூபஸ் நோய், அரிதாகப் புற்றுநோய் என இவை யாவும் தொடக்கத்தில் ஒரு சிறு நிறமாற்றமாகவே கண்ணில் படக்கூடும். இவற்றில் பெரும்பான்மையானவை தீங்கற்றவை. எஞ்சிய சிலவற்றில் ஆறு மாதத் தாமதமே ஆறாத வடுவையோ நரம்புச் சேதத்தையோ விட்டுச் செல்லும்.

இந்த இரு வகைகளையும் கண்ணாடி முன் நின்று பிரித்தறிவது எளிதன்று. தவறான களிம்பைப் பூசிய பிறகோ மருத்துவருக்கும் அது கடினமாகிவிடுகிறது. ஆகவே காரணத்தைத் தேடுவதே சிகிச்சையின் முதற்படி என்பதையும், அந்தப் படியைத் தாண்டிச் செல்வதற்கு மக்கள் கொடுக்கும் விலை என்ன என்பதையும் விளங்கிக்கொள்வது அவசியமாகிறது.

நிறம் மாறுவது எப்படி?

தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. அவை தாம் உண்டாக்கிய நிறமியைச் சுற்றியுள்ள செல்களுக்குப் பகிர்ந்தளிப்பதாலேயே தோலுக்கு நிறம் அமைகிறது. வெயில், உராய்வு, அழற்சி, ஹார்மோன் மாற்றம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இந்தச் செல்களைத் தூண்டினால் அவ்விடம் கறுக்கிறது. அவை செயலிழந்தாலோ அழிந்தாலோ அவ்விடம் வெளிறுகிறது.

மாநிறத்தோரிடமும் கறுத்த மேனியரிடமும் இந்தச் செல்கள் சிறு சீண்டலுக்கும் மிகுதியாக எதிர்வினையாற்றுவதால், ஒரு பருவோ கொசுக்கடியோ ஆறிய பின்னும் அதன் கறை நெடுநாள் நிற்கிறது. நிறமி மேலடுக்கிலேயே தங்கினால் கறை பழுப்பாகத் தெரிந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் மங்கும். அது கீழடுக்கிற்கு இறங்கிவிட்டாலோ சாம்பல் அல்லது நீலம் கலந்த நிறத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அந்த ஆழத்தில் எந்தக் களிம்பும் பெரிய பயனைத் தருவதில்லை. ஒரு வாரத்தில் கறையைப் போக்குவதாகச் சொல்லும் விளம்பரங்கள் மறைக்கும் அடிப்படை உண்மை இது.

பெரும்பாலும் காரணம் எளியது

நம் நாட்டுப் பெண்களிடம் பரவலாகக் காணப்படுவது மங்கு. இரு கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டின் மீதும் ஏறக்குறைய சமச்சீராகப் படரும் இந்தப் பழுப்புக் கறைக்குப் பரம்பரை, வெயில், ஹார்மோன் ஆகிய மூன்றும் சேர்ந்து காரணமாகின்றன. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் காலத்திலும் அது தலைகாட்டுவது இதனாலேயே. புற ஊதாக் கதிர்கள் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். ஆகவே இரும்பு ஆக்சைடு கலந்த, சற்றே நிறமுள்ள வெயில்தடுப்புக் களிம்புகள் இதற்குக் கூடுதல் பயன் தருகின்றன.

குழந்தைகளின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய, இலேசாகச் செதிலுரியும் திட்டுகளைக் கண்டவுடன் வயிற்றில் பூச்சி இருப்பதாக முடிவுகட்டிப் பூச்சி மருந்து கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் வேரூன்றியிருக்கிறது. சத்துக் குறைபாடு என்று எண்ணி டானிக் வாங்குவோரும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை உலர்ந்த தோலில் வரும் மென்மையான கரப்பான் வகையைச் சேர்ந்தவை. வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுக்கும்போது அவை எடுப்பாகத் தெரிகின்றன. ஈரப்பதம் காக்கும் எளிய களிம்பே இவற்றிற்குப் போதும் என்பதும், மாதங்கள் சென்றால் இவை தாமே மறையும் என்பதும் பெற்றோர் அறிய வேண்டியவை. ஆனால் பாலைப்போல வெளுத்து, விளிம்பு தெளிவாகத் தெரியும் திட்டு வேறு. அது நிறமிச் செல்கள் அழிவதால் உண்டாகும் வெண்புள்ளியாக இருக்கலாம். வெண்புள்ளி தொற்றாது, அதற்கும் தொழுநோய்க்கும் எவ்வித உறவும் இல்லை. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் முகத்தில் நிறம் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பும் உண்டு.

அன்றாடம் முகத்தைத் தொடும் பொருள்களும் காரணமாகின்றன. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் சேர்க்கப்படும் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்-பீனால் என்னும் வேதிப்பொருள் நிறமிச் செல்களை அழிக்கவல்லது. நெற்றி நடுவே பொட்டின் அளவில் வெள்ளைத் தடம் விழுவதற்கு அதுவே காரணம். சில வகைக் குங்குமத்தில் கலக்கப்படும் செயற்கைச் சாயங்கள் ஒவ்வாமையால் நெற்றியைக் கறுக்கச் செய்கின்றன. தலைமுடிக்குப் பூசும் கறுப்புச் சாயத்தில் உள்ள பாரா-பினைலின்-டையமின் முடியோரத்திலும் காதருகிலும் நெற்றியிலும் சாம்பல் நிறக் கறையை உண்டாக்கும். சாயம் பூசுவதற்கும் கறை தோன்றுவதற்கும் இடையே நெடுநாள் கடந்துவிடுவதால் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை.

நெற்றிப் பொட்டோரங்களிலும் கன்னமேட்டிலும் தோல் தடித்து, வெல்வெட்டுத் துணியின் மேற்பரப்பைப் போலாகிக் கறுத்தால் அது அழுக்கோ வெயில் கறையோ அன்று. கழுத்தின் பின்புறத்திலும் அதே கருமை இருந்தால், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையை, அதாவது நீரிழிவுக்கு இட்டுச் செல்லும் பாதையை, தோல் முன்கூட்டியே அறிவிக்கிறது என்று கொள்ள வேண்டும். இளவயதினர் பலர் இதை நார் கொண்டு தேய்த்தும் ப்ளீச் செய்தும் மேலும் கறுக்க வைக்கின்றனர். அவர்களுக்கு முதலில் வேண்டியது இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் உடல் எடைக் குறைப்பும்தான்.

நடுவயதில் கன்னங்களில் கடுகளவில் எழும் கறுத்த மருக்கள் பரம்பரையாக வருபவை, தீங்கற்றவை. தேமல், மலசேசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் வேலை. உரிய மருந்தால் பூஞ்சை ஒழிந்த பின்னும் நிறம் ஒன்றுபடச் சில மாதங்கள் ஆகும் என்பதை அறியாமல் மருந்து பலிக்கவில்லை என்று பலர் மாற்றிக்கொண்டே இருக்கின்றனர். ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பிறவியிலோ இளமையிலோ தோன்றும் படர்ந்த மச்சம், 1939-இல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஓட்டாவின் பெயரால் அழைக்கப்படுகிறது. களிம்பு எதற்கும் அசையாத இந்த மச்சத்திற்கு லேசர் சிகிச்சை உண்டு. கண்ணழுத்த நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்குச் சற்றுக் கூடுதல் என்பதால் கண் பரிசோதனையும் வேண்டும்.

தாமதம் தாங்காதவை

அலட்சியப்படுத்தக் கூடாத காரணங்களில் இந்தியச் சூழலில் முதலிடம் தொழுநோய்க்கே. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டியதால் 2005-ஆம் ஆண்டின் முடிவில் இந்நோய் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து அகற்றப்பட்டதாக இந்தியா அறிவித்தது. அந்த அறிவிப்பை நோயே ஒழிந்துவிட்டதாகப் பொதுமக்களும், ஓரளவு மருத்துவ மாணவர்களும்கூடப் புரிந்துகொண்டனர். உண்மையில் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கின்றனர். அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டுகிறது.

1873-இல் நார்வே மருத்துவர் அர்மாவர் ஹேன்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. தொற்றிய பின் நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகின்றன. வெளிறியோ சற்றே சிவந்தோ தோன்றும் உணர்ச்சியற்ற திட்டு என்பதே அதன் பாடநூல் அடையாளம். ஆயினும் முகத்தில் இந்த அடையாளம் ஏமாற்றக்கூடியது. முகத்தின் நரம்பமைப்பு மிக அடர்த்தியானது என்பதால் அங்கு வரும் தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி முழுமையாக மறைவதில்லை. குண்டூசியால் தொட்டுப் பார்த்து வலிக்கிறது என்று நிம்மதி அடைவதில் இந்த அபாயம் ஒளிந்திருக்கிறது.

எனவே முகத் திட்டை மட்டும் பார்ப்பது போதாது. காதுமடல் தடித்திருக்கிறதா, புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்திருக்கிறதா, முழங்கையின் உட்புற நரம்பு கயிறுபோல் புடைத்திருக்கிறதா, உள்ளங்கையிலோ பாதத்திலோ மரத்துப்போன இடம் உண்டா என்பன யாவும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். கண்ணருகே அமைந்த திட்டு திடீரெனச் சிவந்து வீங்கினால் இமையை மூடும் நரம்பு பாதிக்கப்பட்டுக் கண் மூடாமல் போகலாம். அந்நிலையில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

இத்தனைக்கும் தொழுநோய் முழுமையாகக் குணமாகக்கூடியது. உலகச் சுகாதார நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தரப்படுகிறது. சிகிச்சை தொடங்கிய பின் நோய் பிறருக்குப் பரவும் வாய்ப்பு மிக விரைவில் நீங்கிவிடுகிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள மத்தியத் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமும் வேலூரை அடுத்த கரிகிரி மருத்துவமனையும் தமிழகத்திற்கு இத்துறையில் நெடிய அனுபவத்தை ஈட்டித் தந்திருக்கின்றன. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் சட்டப் பிரிவுகளை நாடாளுமன்றம் 2019-இல் நீக்கியது. சட்டம் கைவிட்ட அச்சத்தை வீடுகள் இன்னும் கைவிடாததால்தான், பெண்ணின் முகத்தில் திட்டு தோன்றினால் மருத்துவமனைக்கு முன் அழகு நிலையத்தையோ மருந்துக் கடையையோ குடும்பங்கள் நாடுகின்றன. இந்த மறைப்பு வேதனைக்குரியது. மறைத்த காலமெல்லாம் நரம்பு சிதைந்துகொண்டிருக்கிறது.

லூபஸ் நோய் பெரும்பாலும் இளம்பெண்களையே தாக்குகிறது. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் பரவும் சிவப்பு, வெயிலில் கூடுவதும், மூட்டுவலி, முடி உதிர்தல், வாய்ப்புண், தீராத சோர்வு ஆகியவற்றோடு சேர்ந்து வருவதும் உண்டு. கறுத்த தோலில் இந்தச் சிவப்பு ஊதாவாகவோ வெறும் கருமையாகவோ தெரிவதால் மங்கு என்று தவறாக எண்ணப்படுகிறது. இந்நோயின் வட்டத்திட்டு வகையோ தோலைச் சுருக்கி, நடுவே வெளுத்தும் ஓரத்தில் கறுத்தும் நிலையான வடுவாக்கிவிடும்.

வாழும் இடமும் சென்றுவந்த இடமும் மருத்துவருக்கு முக்கியமான தடயங்கள். இலங்கையில் 1992-இல் உள்நாட்டிலேயே தொற்றியதாக முதன்முதலில் அறியப்பட்ட தோல் லீஷ்மேனியா நோய், மணல்ஈ கடிப்பதால் பரவுகிறது. வலியற்ற சிறு கொப்புளமாகத் தொடங்கி மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகும் இது திறந்திருக்கும் முகத்தையும் கைகளையும் நாடுகிறது. ராஜஸ்தானின் பிகானேர் பகுதியிலும் மேற்காசிய நாடுகளிலும் இதன் பிற வகைகள் உண்டு என்பதால், அங்கெல்லாம் வேலை பார்த்துத் திரும்பியோர் அதை மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது. பீகாரில் கருங்காய்ச்சல் எனப்படும் காலா-அசார் நோயிலிருந்து மீண்டோருக்குச் சில ஆண்டுகள் கழித்து முகத்தில் தோன்றும் வெளிறிய திட்டுகளும் தொழுநோயை அப்படியே ஒத்திருக்கும்.

காசநோய்க் கிருமி தோலைத் தாக்கும்போது முகத்தில் மெல்லப் பரவும் செந்நிறத் திட்டாகலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் இந்நோயைச் செறிவூட்டிய ஒளியால் குணப்படுத்தியதற்காகவே டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று வழக்கமான காசநோய் மாத்திரைகளே அதைத் தீர்க்கின்றன.

தோல் புற்றுநோய் நம் நிறத்தோரிடம் அரிது; ஆனால் வரவே வராது என்ற நம்பிக்கை தவறு. முகத்தில் வரும் வகை நம்மவரிடம் பெரும்பாலும் கறுத்த முடிச்சாக இருப்பதால் அது மச்சமாகவோ மருவாகவோ கருதப்பட்டு ஆண்டுகள் வீணாகின்றன. ஐம்பது வயதைக் கடந்தவரின் முகத்தில் புதிதாகத் தோன்றி வளரும், பளபளப்பான விளிம்புடைய, தொட்டால் இரத்தம் கசியும், நான்கு வாரங்களாகியும் ஆறாத எதற்கும் திசுப் பரிசோதனை தேவை.

களிம்பு மறைப்பதும் கெடுப்பதும்

ஸ்டீராய்டு மேற்பூச்சு மருத்துவத்தின் அரிய கொடைகளுள் ஒன்று. 1952-இல் அமெரிக்காவின் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பெற்ற வெற்றிக்குப் பிறகே கரப்பான் போன்ற துன்பங்களுக்கு நம்பகமான நிவாரணம் கிடைத்தது. உரிய நோய்க்கு, உரிய வீரியத்தில், உரிய நாள்களுக்கு மட்டும் என்ற மூன்று கட்டுப்பாடுகளும் தளர்ந்த இடத்தில்தான் கேடு நுழைகிறது.

வீரியத்தில் இந்தக் களிம்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது. குளோபெட்டசால் போன்றவை ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியமுள்ளவை. முகத்தோலோ மருந்தை மிகுதியாக உறிஞ்சுவது. முன்கை உறிஞ்சும் அளவை 1 எனக் கொண்டால் நெற்றி 6 மடங்கும் தாடைக்கோணம் 13 மடங்கும் உறிஞ்சுவதாக 1967-இலேயே ஃபெல்ட்மனும் மைபாக்கும் அளந்து காட்டினர். கைக்கும் காலுக்கும் எழுதித் தரப்பட்ட டியூபை வீட்டில் மற்றொருவர் முகத்துக்கு எடுத்துப் பூசுவது எத்தகைய ஆபத்து என்பது இந்தக் கணக்கிலேயே தெளிவாகிறது.

இந்தக் களிம்பு முதல் வாரத்தில் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சிவப்பையும் அரிப்பையும் தணித்து, முகத்தைச் சற்று வெளுப்பாகவும் காட்டும். பூசியவருக்கு நம்பிக்கை பிறப்பதும் அக்கம்பக்கத்தாருக்கு அவர் அதைப் பரிந்துரைப்பதும் அப்போதுதான். சில வாரங்களில் தோல் மெலிந்து, இழை இழையாக இரத்தக் குழாய்கள் தெரிந்து, பரு கிளம்பி, மீசைபோல் ரோமம் வளரத் தொடங்குகிறது. நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால் மீண்டும் அதையே பூச நேர்கிறது. கண்ணருகே நெடுங்காலம் பூசினால் கண்ணழுத்தமும் கண்புரையும் வரலாம்.

இந்தியாவின் 12 மையங்களில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வொன்றில், முகத்தில் தோல் சிக்கலோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரியவந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர்.

பூசியவரின் முகம் கெடுவதோடு கேடு நிற்பதில்லை. காரணத்தைக் காட்டும் தடயமும் அழிகிறது. படர்தாமரைக்குரிய வளைய விளிம்பு ஸ்டீராய்டால் கரைந்துபோக, பூஞ்சை மட்டும் உள்ளே தழைத்துப் பரவுகிறது. தொழுநோய்த் திட்டின் சிவப்பு சற்றே தணிய, நோய் குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி ஆகிய மூன்றையும் ஒரே டியூபில் கலந்து விற்கும் பழக்கம், எந்த நோயாக இருந்தாலும் கேட்கும் என்ற எண்ணத்தில் வளர்ந்தது. கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக நாட்டில் படர்தாமரை எளிதில் தீராத கொள்ளைநோய்போல் பரவியதற்கு இக்கலவைகளின் கண்மூடித்தனமான பயன்பாடும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கின்றனர். வழக்கமான மருந்துக்குப் பணியாத அந்தப் பூஞ்சைக்கு 2020-இல் இந்தியாவின் பெயரைத் தாங்கி டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

வெளுப்புக் களிம்புகளின் கதை இன்னும் கவலை தருவது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப் புரதம் சிறுநீரில் வெளியேறும் நோயோடு கண்டறியப்பட்ட 22 பேரில் 15 பேருக்கு அரிய துணை வகை ஒன்று இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். அவர்களில் 13 பேர் முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்பைப் பூசியவர்கள். இத்தகைய களிம்புகளில் கலக்கப்படும் பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் விரைவில் வெளுக்கிறது. தோல் வழியே உள்ளே சென்ற அதுவே சிறுநீரகத்தையும் தாக்குகிறது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடைசெய்து, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த பிறவற்றில் தற்செயலாகக் கலப்பதும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஆயினும் உற்பத்தியாளர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாத சிறு டப்பாக்களில், வெளிநாட்டுச் சரக்கு என்ற பெருமையோடு அவை கைமாறுகின்றன.

கண்டறியும் முறைகள்

காரணத்தைக் கண்டறிவதற்குப் பெருஞ்செலவு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் என்னும் கைக்கருவியும், புற ஊதா ஒளி வீசும் உட்ஸ் விளக்கும் பல ஐயங்களைச் சில நிமிடங்களில் தீர்க்கின்றன. செதிலைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை தெரிந்துவிடும். ஐயம் நீடிக்கும்போது மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவுத் திசுவை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துப் பரிசோதிக்கின்றனர். இதனால் முகத்தில் பெரிய வடு விழும் என்றோ, கட்டியைத் தொட்டால் புற்றுநோய் பரவும் என்றோ அஞ்சி மறுப்பது தேவையற்றது.

செய்யக்கூடியவை

முகத்தில் புள்ளி தோன்றியவர் முதலில் புதிதாகத் தொடங்கிய களிம்பு, ஃபேஸ்வாஷ், முடிச்சாயம், ஸ்டிக்கர் பொட்டு ஆகியவற்றை நிறுத்திவிட்டு, வெயிலைத் தவிர்த்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் கைபேசியில் படமெடுத்து வைப்பது நல்லது. நான்கு முதல் ஆறு வாரங்களில் மங்கும் போக்கு தெரியாவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மரத்துப்போதல், இரத்தக் கசிவு, விரைவான வளர்ச்சி, ஆறாத புண், புருவ உதிர்வு, மூட்டுவலியோ காய்ச்சலோ சேர்ந்திருத்தல், கண்ணருகே வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் காத்திருப்பு கூடாது.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய எல்லா டியூபுகளையும் டப்பாக்களையும், காலியானவை உட்பட, எடுத்துச் செல்வது மிகுந்த பயனளிக்கும். கைமருந்தாகப் பூசிய எலுமிச்சை, பூண்டுச் சாறு ஆகியவற்றையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். அவை தோலைப் புண்ணாக்கிக் கறையை ஆழப்படுத்துபவை. நெடுநாள் ஸ்டீராய்டு பூசியவர்கள் எரிச்சலுக்கு அஞ்சி அதைத் தொடராமலும், தாமாகத் திடீரென நிறுத்தாமலும் மருத்துவரின் மேற்பார்வையில் விடுபடுவது நலம். களிம்பால் கேடு நேர்ந்தால் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம்.

அரசின் பொறுப்பு இதனினும் பெரிது. 2018-இல் வந்த மாற்றம் காகிதத்தில் தங்காதிருக்க வேண்டுமெனில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வாடிக்கையாளர்போல் ஆள்களை அனுப்பிக் கடைகளைச் சோதித்து, தவறும் கடைகளின் உரிமத்தை இடைநிறுத்த வேண்டும். இணையவழி விற்பனைக்கும் அதே அளவுகோல் பொருந்த வேண்டும். ஸ்டீராய்டு டியூபின் மீது, மருத்துவர் சொல்லாமல் முகத்தில் பூசக் கூடாது என்ற எச்சரிக்கை, படிக்கக்கூடிய எழுத்தில், அந்தந்த மாநில மொழியில் அச்சிடப்பட வேண்டும். மருந்துக் கடைப் பணியாளருக்கும் அழகு நிலையப் பயிற்சி பெறுவோருக்கும் எந்தப் புள்ளியைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற அரைநாள் பாடம் கட்டாயமாக்கப்படலாம்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டு முதல் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர்களுக்கு முகம், காதுமடல், கழுத்து ஆகியவற்றைப் பார்க்கும் பயிற்சியும் உறுதியாகக் கிடைத்தால், தொழுநோயும் நீரிழிவின் முன்னறிகுறியும் ஒரே வருகையில் பிடிபடும். தோல் மருத்துவர் இல்லாத ஆரம்பச் சுகாதார நிலையங்களிலிருந்து இ-சஞ்சீவனி போன்ற தொலைமருத்துவ வசதியின் வழியே படங்களை மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுக்கு அனுப்பி, ஒரு வாரத்திற்குள் கருத்துப் பெறும் ஏற்பாடும் கடினமானதன்று. தோல் நோயில் கண்ணால் காண்பதே பாதிப் பரிசோதனை என்பதால் தொலைமருத்துவம் இத்துறைக்கு வெகுவாகப் பொருந்தும்.

வெளுப்புக் களிம்புகளை ஒவ்வொரு மாவட்டத்திலும் கடைகளிலிருந்தும் இணையத்திலிருந்தும் மாதிரி எடுத்துப் பாதரசத்துக்காகச் சோதித்து, தேறாதவற்றின் பெயரையும் தொகுதி எண்ணையும் மாதந்தோறும் தமிழில் வெளியிடும் பொறுப்பை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்க வேண்டும். சிறுநீரகப் பிரிவுக்குப் புரதக் கசிவோடு வரும் ஒவ்வொருவரிடமும் முகத்தில் என்ன பூசுகிறார் என்று கேட்டுக் குறிப்பேட்டில் பதிவது, அரசு மருத்துவமனைகளில் எந்தச் செலவுமின்றி உடனடியாகத் தொடங்கக்கூடிய பணி.